குறைப்பதே திருத்தம்: அறையின் ஓசையைச் சீராக்கிய ஒரு நூற்றாண்டுக் கதை

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்து ஐந்தாண்டுகள்கூட நிறைவடையாத காலம் அது. 1990களின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடைபெற்ற தொழிற்சங்கக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். உயர்ந்த கூரையும் வெறும் சுவர்களும் சீமெந்துத் தரையும் கொண்ட பழைய மண்டபம். மேடையின் இருபுறமும் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார்கள். பேசியவரின் குரல் மண்டபம் முழுவதும் முழங்கியது. ஆனால், அவர் என்ன பேசுகிறார் என்பதைப் பாதி கேட்டும் பாதி ஊகித்துமே எழுத வேண்டியிருந்தது. குறிப்பிட்ட ஒரு கோரிக்கையைக் "கைவிடுவோம்" என்று அவர் அறிவித்ததாக எழுதிக் கொடுத்தேன். அவர் உண்மையில் கூறியது "கைவிடோம்" என்பதாகும். செய்தி வெளியான காலையிலேயே சங்கத்தினர் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். மறுநாள் எங்கள் பத்திரிகையில் திருத்தம் வெளியாகியது. மூன்று வரித் திருத்தந்தான். ஆயினும், முப்பது வருடத் தொழில் அனுபவத்துக்குப் பின்னரும் அந்த மூன்று வரிகளை நான் மறக்கவில்லை.

பின்னாளில் சிந்தித்துப் பார்த்தபோது, தவறு முழுவதும் என் காதினுடையது அல்ல என்பது விளங்கியது. தமிழ் வாக்கியத்தின் தீர்ப்பு அதன் இறுதியிலேயே இருக்கின்றது. செய்வாரா மாட்டாரா, ஒருவரா பலரா என்பதையெல்லாம் கடைசி ஓரிரு அசைகள்தாம் தீர்மானிக்கின்றன. பேசுபவரின் மூச்சுக் குறைந்து குரல் தாழும் இடமும் அதுவே. முன்னே உரத்துச் சொன்ன சொற்களின் முழக்கம் அறையில் இன்னமும் அலைந்துகொண்டிருக்கும்போது, பின்னே மெல்ல வரும் அந்த அசைகள் அதனுள் மூழ்கிவிடுகின்றன. மண்டபம் ஒரு சொல்லை விழுங்கிவிட்டது. பழி செய்தியாளனுக்கு வந்தது.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம், அண்மையில் என் வீட்டுக்குள்ளேயே அதே பிரச்சினை வந்து சேர்ந்தமைதான்.

வீட்டுக்கு வந்த திரையரங்கு

எண்பது வயதைக் கடந்த என் அம்மா எங்களுடன் வெள்ளவத்தையில் வசிக்கிறார். பழைய தமிழ்ப் படங்களைப் பார்ப்பது அவருக்குப் பெரும் ஆறுதல். அவருக்காகவே ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர் தொகுதி ஒன்றை வாங்கினேன். பொருத்துவதற்கு வந்த இளைஞர் சிறிய ஒலிவாங்கி ஒன்றைக் கதிரையின் மீது வைத்தார். ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாக ஊளையிட்டு அடங்கின. சில நிமிடங்களில், "எல்லாம் ஓட்டோமெட்டிக்காகச் சரி செய்துவிட்டது, ஐயா" என்று கூறி விடைபெற்றார்.

அன்றிரவு படம் ஓடியது. அம்மா அரை மணித்தியாலம் பொறுமையாகப் பார்த்தார். பின்னர் சொன்னார்: "என்ன தம்பி, இவையள் கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஒண்டும் விளங்கேல்லை."

சத்தத்தைக் கூட்டினேன், முழக்கமும் கூடியது. உச்சத் தொனியைக் கூட்டினேன். ஸகர, சகர ஒலிகள் காதைக் குத்தின, சொற்களோ தெளியவில்லை. அம்மாவின் செவிப்புலன் முதுமையால் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால், அதே அம்மா பக்கத்து அறையில் மெல்லப் பேசுவதைக் கேட்டு மறுமொழி கூறுகிறவர். ஆகவே, குற்றத்தை அவருடைய வயதின் மேல் போட்டுவிட்டு ஒதுங்க எனக்கு மனம் இடந்தரவில்லை.

நான் கலைப்பட்டதாரி. பௌதிகவியல் எனக்குப் பாடசாலையோடு விடைபெற்ற பாடம். ஆயினும், ஒரு விடயத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தால் அதன் உட்பொருள் பிடிபடும் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத் தந்த பாடம். அவ்வாறு தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

நள்ளிரவில் மெத்தை சுமந்த பேராசிரியர்

இந்தக் கதை தொடங்குவதும் பேச்சு விளங்காத ஒரு மண்டபத்தில்தான். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதிலிருந்த விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியட், பௌதிகத் துறையிலிருந்த இளைஞர் வொலஸ் சபைனிடம் ஒப்படைத்தார். அப்போது சபைனுக்கு வயது 27.

ஒலியை அளக்கும் மின் கருவி எதுவும் அன்று இருக்கவில்லை. சபைனிடம் இருந்தவை ஓர் ஓகன் குழல், நேரங்கணிக்கும் கருவி, அவருடைய காது ஆகியனவே. தெரு ஓசை அடங்கிய நள்ளிரவுக்குப் பின்னர் குழலை ஊதி நிறுத்துவார். அதன் நாதம் காதுக்கு எட்டாமல் மறையும் வரை செல்லும் நேரத்தை அளப்பார். வெறுமையான அந்த மண்டபத்தில் அது ஐந்தரை வினாடியளவு நீடித்தது. ஐந்தரை வினாடியில் ஒருவர் பதினைந்து சொற்களைப் பேசிவிடுவார். ஒவ்வொரு சொல்லும் தனக்கு முன்வந்த சொற்களின் எச்சத்தோடு போராட வேண்டியிருந்தது.

அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி அளந்தார். விடிவதற்குள் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் வேண்டியிருந்தது. தாம் அணிந்திருந்த உடைகூட அளவீட்டைப் பாதிக்கிறது என்று கண்டதும் அதுவரை சேகரித்த முடிவுகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார் என்பர். எதிர்முழக்க நேரம் அறையின் கனவளவோடு கூடும், ஒலியை உறிஞ்சும் பொருட்களோடு குறையும் என்ற விதியை 1898இல் அவர் வரையறுத்தார். அந்த விதியின் துணையோடு திட்டமிடப்பட்ட பொஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகின்றது.

சபைன் கற்றுத் தந்த முதற்பாடம் இதுவே: அறையில் பிழை இருந்தால் முதலில் அறையைத் திருத்த வேண்டும். அன்று அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஒலியை மின்சாரமாக்கி வளைக்கும் வித்தை அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

தொலைபேசிக் கம்பியிலிருந்து திரையரங்குக்கு

"ஈக்குவலைசர்", அதாவது சமனாக்கி என்ற சொல் இசைத் துறையில் பிறந்ததன்று. தொலைபேசித் துறையில் பிறந்தது. நீண்ட கம்பியில் பேச்சு பயணிக்கும்போது அதன் உயர்ந்த மீடிறன்கள் தாழ்ந்தவற்றைவிட அதிகம் தேய்ந்துவிடும். (மீடிறன் என்பதைத் தமிழகத்தார் அதிர்வெண் என்பர்; ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அதன் பொருள், அலகு ஹேர்ட்ஸ்.) தேய்ந்ததற்கு ஈடுசெய்து, அனுப்பியதும் பெற்றதும் சமனாகும்படி செய்யும் சுற்றுகளைப் பொறியியலாளர்கள் அமைத்தனர். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி.யின் ஒட்டோ ஸோபல் 1920களில் இதற்கான கணிதத்தை வகுத்தார்.

கம்பியைப் பொறுத்தவரை இது முற்றிலும் நேர்மையான வேலை. கம்பி ஒவ்வொரு நாளும் ஒரே விதமாகத்தான் கெடுக்கும்; ஒரே விதமாகத் திருத்தலாம். பின்னாளில் வந்த குழப்பமெல்லாம், கம்பிக்கான மருந்தை அறைக்கும் கொடுத்ததனால் வந்தவை. அறையில் ஒலி ஒரே பாதையில் வருவதில்லை. நேரே வருவது ஒன்று. சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுச் சற்றுத் தாமதித்து வருபவை ஆயிரம்.

1925இல் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெலொக் ஆகிய இருவரும் இன்றைய ஒலிபெருக்கியின் முன்னோடியை விபரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். 1927இல் பேசும் படம் மக்களை ஈர்த்தது. மௌனப் படங்களுக்கென்று கட்டப்பட்ட அரங்குகளில் திடீரென்று வசனம் ஒலிக்க வேண்டியதாயிற்று. 1930களில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஜோன் வொல்க்மன், திரையரங்கின் ஒலியைச் சீராக்க, மாற்றியமைக்கக்கூடிய சமனாக்கியை முதலில் பயன்படுத்தியவராகக் குறிப்பிடப்படுகிறார். அரங்குக்கு அரங்கு ஒலி மாறுபடுவதைத் தவிர்க்க 1938இல் அமெரிக்கத் திரைப்படக் கலை அக்கடமி ஒரு பொது வரையறையை வகுத்தது. அன்றைய படச்சுருளின் ஒலித்தடம் இரைச்சல் மிக்கது. இரைச்சலை மறைக்க உயர்ந்த மீடிறன்களைப் பெருமளவு வெட்டினார்கள். நாம் பழைய படங்களின் குரலில் கேட்கும் அந்தப் போர்த்திய தன்மைக்கு இந்த வரையறையும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் 1924ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வீகல், லேன் என்னும் இருவர், ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் காதில் எவ்வாறு மறைக்கிறது என்று அளந்தார்கள். தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கிறது; உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வாறு மறைப்பதில்லை. சொல்லின் தெளிவைத் தருபவை க, ச, ட, த, ப போன்ற மெய்களின் உயர்ந்த மீடிறன் ஒலிகள். அடியில் முழக்கம் மிகுந்தால் அவை மேலே இருந்தும் கேளாமற் போகின்றன. உச்சத் தொனியைக் கூட்டியும் அம்மாவுக்கு ஏன் வசனம் விளங்கவில்லை என்பதற்கான விடை எனக்கு இதில்தான் முதன்முதலாகத் தென்பட்டது. அங்கு எதுவும் குறைவாக இருக்கவில்லை. ஏதோ ஒன்று மிகையாக இருந்தது.

டெக்சாஸ் தேவாலயங்களில்

அறைக்கு ஏற்பச் சமனாக்குதல் ஒரு முறையான கலையாக வளர்ந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். டலஸ் நகரின் லவ் ஃபீல்ட் விமான நிலைய அறிவிப்பு ஒலியைச் சீராக்கிய வேய்ன் ரட்மோஸ், அந்த அனுபவத்தை 1958இல் கட்டுரையாக வெளியிட்டார். விமான நிலையம், புகையிரத நிலையம் ஆகியவற்றின் அறிவிப்புகள் விளங்காமல் அவதியுற்றவர்கள் இத்துறையின் தேவையை நன்கு உணர்வார்கள்.

அவருக்கு அடுத்து வந்தவர் ஒஸ்ரினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் சி.பி. போனர். தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் ஒலிபெருக்கியைச் சற்றுக் கூட்டியதும் "கீ" என்று அலறுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அறை இயல்பாகவே பரிவு கொள்ளும் ஏதோவொரு மீடிறனில் ஒலி, ஒலிவாங்கிக்குத் திரும்பிச் சென்று சுழல்வதே அந்த அலறல். போனர் ஒலியை மெல்ல மெல்லக் கூட்டுவார். எந்த மீடிறனில் அறை முதலில் அலறுகிறதோ அதை மட்டும் மிக ஒடுக்கமான வடிகட்டியொன்றால் குறைப்பார். மீண்டும் கூட்டுவார், அடுத்து அலறும் மீடிறனைப் பிடிப்பார். அக்கம்பக்கத்து மீடிறன்களைத் தொடமாட்டார். 1965இல் அவருடைய கட்டுரைகள் வெளியாகின. அறைச் சமனாக்கலின் தந்தை என்று அவரை அழைப்பர்.

போனர் செய்தது முழுக்க முழுக்கக் குறைக்கும் வேலை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இல்லாததை அவர் சேர்க்கவில்லை. மிகையானதை மட்டும், அதுவும் மிகையான இடத்தில் மட்டும் குறைத்தார். ஆனால், அவருடைய முறைக்குப் பொறுமையும் நிபுணத்துவமும் வேண்டியிருந்தன. 1967இல் அல்ரெக் நிறுவனத்தில் ஆர்ட் டேவிஸ், டொன் டேவிஸ் முதலியோர் ஒக்டேவின் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள வடிகட்டிகளை வரிசையாகக் கொண்ட ஆயத்த தொகுதியொன்றை உருவாக்கினார்கள். இப்போது வேலை இலகுவாயிற்று. இலகுவானதும் அளவுக்கு மீறிச் செய்யும் ஆசையும் உடன் வந்தது.

நேர்கோட்டின் மயக்கம்

1970களின் தொடக்கத்தில் டொல்பி நிறுவனத்தின் அயோன் அலன் லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீயில் திரைப்பட ஒலி தொடர்பான சோதனைகளை நடத்தினார். தொலைவில் திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கியை அளவுகருவியில் நேர்கோடாக வரும்படி சமனாக்கியபோது, காதுக்கு அது கூர்மையாகப்பட்டது. அதனால், 2000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒக்டேவுக்கு 3 டெசிபல் வீதம் சரியும் ஒரு கோட்டை வகுத்தார்கள். எக்ஸ் வளைகோடு எனப்படும் அதுவே பின்னர் உலகத் திரையரங்குகளின் தரமாகியது. கருவி "சரி" என்று கூறியதைக் காது "பிழை" என்றது என்பதே இதிலுள்ள முக்கியமான செய்தி. ஆயினும் அப்போது மாற்றப்பட்டது கோடு மட்டுமே; கோட்டை நோக்கி ஒலியை வளைக்கும் பழக்கம் மாறவில்லை.

அதே பழக்கம் நமது வீடுகளுக்கும் வந்தது. எங்கள் தகப்பனாரின் வால்வு வானொலியில் ஒலியளவுக்கு ஒரு திருகி, தொனிக்கு ஒரு திருகி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை அந்த இரு திருகிகளைக் கொண்டே ஊரெல்லாம் கேட்டு மகிழ்ந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பானிய ஸ்ரீரியோப் பெட்டிகள் கடைகளை நிறைத்தன. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களும் ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள். அவற்றின் முகப்பில் ஐந்தோ பத்தோ நகரும் பிடிகளுடன் சமனாக்கி மின்னியது. இரு ஓரங்களையும் உயர்த்தி நடுவைத் தாழ்த்தி, சிரிக்கும் வாய்போல வைப்பதே அன்றைய நாகரிகம். நானும் அவ்வாறே வைத்தவன்தான். தாழ்த்தப்பட்ட அந்த நடுப்பகுதியில்தான் மனிதக் குரல் இருக்கின்றது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதனிடையே 1972இல் ஜோர்ஜ் மாசன்பேர்க் வேறொரு கருவியை விபரித்துக் கட்டுரை சமர்ப்பித்தார். எந்த மீடிறன், எவ்வளவு அகலம், எவ்வளவு உயர்வு தாழ்வு என்ற மூன்றையும் நாமே தெரிவு செய்யக்கூடிய சமனாக்கி அது. போனரின் ஒடுக்கமான கத்தி எல்லோருடைய கைக்கும் எட்டுவதற்கு அது வழிசெய்தது.

காதும் கருவியும்

அறையில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்ற எல்லைக்கோட்டை விளக்க மூன்று ஆய்வுகள் போதுமானவை.

முதலாவது, 1949இல் ஜேர்மனியின் கொட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் செய்த ஆய்வு. நேரே வரும் ஒலிக்குப் பின்னர் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகள் தாமதித்து வரும் எதிரொலியைக் காது தனி ஒலியாகக் கேட்பதில்லை. முதலில் வந்த ஒலியின் திசையையே ஏற்றுக்கொள்கிறது. காது இவ்வாறு தரம் பிரிக்கிறது. கதிரையின் மீது வைத்த ஒலிவாங்கியோ நேரே வந்ததையும் சுவரில் பட்டு வந்ததையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்குக் காட்டுகிறது.

இரண்டாவது, மன்ஃபிரட் ஷ்ரோடரின் ஆய்வு. 1954இலும் பின்னர் 1962இலும் அவர் காட்டியது இது: ஒவ்வோர் அறைக்கும் ஒரு எல்லை மீடிறன் உண்டு. அதற்குக் கீழே அறையின் பரிவுகள் தனித்தனியே நின்று ஆதிக்கம் செலுத்துகின்றன. அதற்கு மேலே அவை எண்ணற்றவையாகப் பின்னிப் பிணைந்துவிடுகின்றன. வீட்டு அறைகளில் அந்த எல்லை பொதுவாக 200 முதல் 300 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும்.

மூன்றாவது, கனடாவின் ஃபுளொயிட் டூல் செய்தது. ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆய்வுச் சபையில் அவர் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, வர்த்தகப் பெயர் தெரியாமல் மக்களைக் கேட்கச் செய்தார். 1985, 1986ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் பலரை வியக்கவைத்தன. இயல்பான செவிப்புலன் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே வகை ஒலிபெருக்கியையே விரும்பினார்கள்: நேரே வரும் ஒலி சமனாகவும், பக்கங்களுக்குச் செல்லும் ஒலி அதனை ஒத்தும் இருப்பவை. நல்ல ஒலிபெருக்கியின் நேரொலியை, அறையில் எடுத்த அளவீட்டைப் பார்த்து மாற்றினால், நன்றாக இருந்ததைக் கெடுத்தவர்களாவோம் என்று அவர் தொடர்ந்து எழுதி வந்தார். 2008இல் வெளியான அவருடைய நூலும் 2015இல் வெளியான நீண்ட கட்டுரையும் இதனை வலியுறுத்துகின்றன.

2000களின் முற்பகுதியில் வீட்டுக் கருவிகளிலேயே தானியங்கித் திருத்தம் வந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் ஆரம்பித்த ஓடிஸி அவற்றுள் புகழ்பெற்றது. இத்தகைய தொகுதிகள் பல, தொடக்கத்தில் அடிமுதல் உச்சிவரை எல்லா மீடிறன்களையும் திருத்தின. எந்த மீடிறன் வரை திருத்த வேண்டும் என்று பாவனையாளரே எல்லை வகுக்கும் வசதியை ஓடிஸி 2017இல் ஒரு கைப்பேசிச் செயலி மூலம் வழங்கியது. குறைந்த திருத்தமே நிறைந்த பயன் தரும் என்பதைத் தொழிற்றுறையும் ஏற்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

எங்கள் அறையின் கணக்கு

இவற்றையெல்லாம் படித்த பின்னர் அளவுநாடாவை எடுத்தேன். எங்கள் அறையின் நீளம் 5 மீற்றர், அகலம் 3.6, உயரம் 2.8. கொழும்பின் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 348 மீற்றர் செல்லும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 35 ஹேர்ட்ஸ். அதுவே நீளவாக்கில் அறையின் முதற்பரிவு. அதன் மூன்று மடங்கு 104. அகலவாக்கில் இரண்டாம் பரிவு 97. நீளமும் அகலமும் ஒன்று சேர்ந்து 100 ஹேர்ட்ஸ் அளவில் முழங்குகின்றன. ஆண்குரலின் அடிநாதம் இருக்கும் இடமும் அதுவே. கிணற்றுக்குள் நின்று கதைத்தவர்கள் யார் என்பது இப்போது விளங்கியது.

சிறிய அளவீட்டு ஒலிவாங்கியொன்றை இரவல் வாங்கி, ரூம் ஈ.கியூ. விஸார்ட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இயக்கினேன். ஏட்டுக் கணக்கும் அளவீடும் ஒத்துப்போயின. 100 அளவில் ஒரு பெரும் மேடு. 35இல் ஒரு மேடு. 70இல் ஒரு பள்ளம். அம்மாவின் கதிரை பின்சுவரிலிருந்து நீளத்தின் கால்பங்குத் தொலைவில் இருந்தது. 70 ஹேர்ட்ஸ் நிலையான அலை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இடம் அது. தானியங்கித் திருத்தம் அந்தப் பள்ளத்தை நிரப்ப முயன்றிருந்தது. 9 டெசிபல் உயர்த்த எட்டு மடங்கு மின்வலு வேண்டும். அவ்வளவையும் கொடுத்தாலும் கூடிய ஒலியைக் கூடிய எதிரொலி அழித்துவிடும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். சப்வூஃபர் மட்டும் வருந்தும். அத்துடன், மேல் மீடிறன்களிலும் பத்துப் பன்னிரண்டு சிறு மாற்றங்களை அது செய்திருந்தது.

அனைத்தையும் நீக்கினேன். சபைன் சொன்னபடி முதலில் அறையைக் கவனித்தேன். தரைக்குத் தடித்த கம்பளம், யன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, வெறுஞ்சுவருக்கு என் புத்தக அலுமாரி. மூலையிலிருந்த சப்வூஃபரைச் சற்று வெளியே நகர்த்தினேன். அம்மாவின் கதிரையை அரை மீற்றர் முன்னே கொண்டுவந்தேன். மின்சாரம் எதுவும் செலவாகாமலே 70இன் பள்ளம் பெரும்பகுதி நிரம்பியது. 35இன் மேடு தணிந்தது. 100இன் மேடு மட்டும் இன்னும் சற்று உயர்ந்தது. அதை மாசன்பேர்க் முறைச் சமனாக்கியால் 8 டெசிபல் குறைத்தேன். 35இல் இன்னொரு சிறு குறைப்பு. மொத்தம் இரண்டு வடிகட்டிகள். 250 ஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் தொடவில்லை.

இவ்வாறான தாழ்ந்த பரிவுகளில் மேட்டைக் குறைத்தால் அதன் இழுபடும் நாதமும் கூடவே குறைகிறது என்பது இம்முறையின் சிறப்பு. அதாவது, முந்திய சொல்லின் முழக்கம் பிந்திய அசையை விழுங்குவது குறைகிறது. ஆயினும், இது அந்த ஒரு கதிரைக்கு உரிய தீர்வு. அடுத்த மூலையில் அமர்பவருக்கு இதே அளவு பொருந்தாது. எங்கள் வீட்டில் அந்தக் கதிரையே முக்கியமானது.

ஆசிரியபீடத்தில் எனக்குப் பயிற்சி தந்த மூத்தவர் ஒருவர், "செய்தியில் மிகையானதை வெட்டு, இல்லாததை நீயாக எழுதி நிரப்பாதே, நன்றாக இருப்பதைத் தொடாதே" என்பார். அன்று "கைவிடோம்" என்பதன் இறுதியசை எனக்குக் கேட்கவில்லை. கேளாத இடத்தை நானாகவே நிரப்பினேன். பள்ளத்தை நிரப்ப முயன்ற அந்தக் கருவியின் மேல் எனக்குக் கோபம் வராததற்கு அதுவே காரணம்.

அன்றிரவு அதே படத்தை மீண்டும் போட்டேன். முதல் முறை பாதியில் எழுந்து சென்ற அம்மா, இம்முறை இறுதிவரை இருந்து பார்த்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இப்ப கதைக்கிறது எல்லாம் நல்லா விளங்குது, தம்பி" என்றார். சற்று நேரம் கழித்து, "உந்த வசனங்கள் அந்தக் காலத்தில இன்னும் நல்லா இருந்த மாதிரி ஒரு ஞாபகம்" என்றார்.

அதைத் திருத்தும் கருவி எதையும் நான் தேடவில்லை.